சேமவச்சும் கிளச்சுத் தட்டும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



புறநானூற்றின் நூற்றிரண்டாம் பாடலில் ஒளவையார் ஒரு வண்டியைக் காட்டுகின்றார். உப்பு வணிகரின் வண்டி அது. எருதுகள் இளையவை, நுகம் பூண்டு பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. வழியில் பள்ளமும் வரும், மேடும் வரும். எங்கே என்ன நேருமென்று யாருக்குத் தெரியும்? ஆகவே, பூட்டியிருக்கும் அச்சு முறிந்தால் உதவட்டுமென்று வண்டியின் கீழ் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகின்றார்கள். அதற்குச் சேமவச்சு என்று பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேமவச்சுக்கு ஒப்பிடுகின்றார் ஒளவையார்.

இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு எழுவதுண்டு. மன்னனைப் பாடவந்த புலவர், வண்டியின் கீழே குனிந்து பார்த்திருக்கின்றார். எது முறியும், எதை மாற்றலாம், எதைக் கையிருப்பில் வைத்திருக்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கின்றது. வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியுமென்று சொன்ன வள்ளுவருக்கும் வண்டிப்பட்டறை அந்நியமானதன்று.

அப்படியானால் இன்றைய தமிழ் எழுத்தாளரில் எத்தனை பேர் வாகனத்தின் கீழே குனிந்து பார்த்திருக்கின்றோம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இன்று பேசவந்திருக்கின்றேன். பேசும் பொருள், எல்கடுவையில் ஒரு வீட்டு முற்றத்தில் பழைய பந்தயக் காரொன்றின் கிளச்சை மாற்றிய கதை. இலக்கிய நிகழ்ச்சியில் மோட்டார்க் காரா என்று நேயர்கள் முகஞ்சுளிக்கவேண்டாம். ஒளவையார் நம் பக்கம் நிற்கின்றார்.

எல்கடுவை மாத்தளை மாவட்டத்து மலைப்பக்க ஊர். உக்குவளைப் பக்கமிருந்தும் வரலாம், வத்தேகமைப் பக்கமிருந்தும் வரலாம். எப்பக்கத்தால் வந்தாலும் ஏற்றமும் வளைவுமாகவே பாதை வரும். மேலே ஹுன்னஸ்கிரிய மலை, சுற்றிலும் தேயிலை, இடையிடையே மிளகும் கறுவாவும் ஏலமும். இங்கே சமதரையில் கார் ஓட்டுவது போல ஓட்டமுடியாது. ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்றவேண்டும். கியர் மாற்றுந்தோறும் கிளச்சு உழைக்கவேண்டும்.

நான் சொல்லும் கார் எம்.ஜி.ஏ. என்ற ஆங்கிலேயக் கார். எம்.ஜி. என்பது மொரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1955ஆம் ஆண்டிலிருந்து 1962ஆம் ஆண்டுவரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட எம்.ஜி.ஏ. கார்கள் செய்யப்பட்டன. அவற்றிற் பெரும்பகுதி வெளிநாடுகளுக்கே ஏற்றுமதியாயிற்று. இரண்டே இருக்கைகள், தாழ்ந்த உடம்பு, நீண்ட மூக்கு. நம் கார் 1958இற் செய்யப்பட்டது. 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சின்.

தோட்டத்துரை ஒருவர் வாங்கி ஓட்டிய கார் அது. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கிற்று. துரைமார் பலர் கப்பலேறினர். காரைக் கப்பலில் ஏற்றுவதைவிட விற்றுவிடுவது இலகு. அப்படித்தான் இந்தக் கார் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கைக்கு வந்தது. இன்று அவருடைய மகன் வைத்திருக்கின்றார், என் நண்பர்.

2023ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் அந்தக் கார் ஏற்றத்தில் ஏற மறுத்தது. எஞ்சின் உறுமுகின்றது, ஆனால் சக்கரம் அதற்கேற்ப உருளவில்லை. கருகிய நாற்றம் வருகின்றது. கிளச்சு வழுக்குகின்றது என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வது இதைத்தான்.

கிளச்சு என்றால் என்ன? தமிழாசிரியன் பாணியிலேயே சொல்லிப் பார்க்கின்றேன். 'மணி' என்ற சொல்லும் 'அடித்தது' என்ற சொல்லும் சேரும்போது, ஓர் உயிர் இன்னோர் உயிரோடு நேரே முட்டுகின்றது. நா இடறும். நடுவே யகரம் ஒன்று வந்து 'மணியடித்தது' என்று இரண்டையும் இணக்கிவைக்கின்றது. இதை உடம்படுமெய் என்று இலக்கணம் சொல்கின்றது. உடன்படாத இரண்டை உடன்படுத்துவது அதன் வேலை.

காரிலும் இதுதான் நடக்கின்றது. எஞ்சின் எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும், நின்றால் அணைந்துபோகும். சக்கரமோ சில வேளை நிற்கவேண்டும், சில வேளை உருளவேண்டும். சுழல்வதையும் நிற்பதையும் நேரே முட்டவிட்டால் கார் துள்ளி விழும், அல்லது பல் உடையும். ஆகவே நடுவே ஒரு தட்டு. எட்டங்குல விட்டமுள்ள வட்டத் தட்டு. இருபுறமும் உராய்வுப் பட்டை ஒட்டியது. எஞ்சினின் பாரச்சக்கரத்துக்கும் சுருள்வில்களால் அழுத்தப்படும் இரும்புத் தட்டுக்கும் இடையே அது நசுங்கிக்கொண்டிருக்கும். நாம் பெடலை மிதித்தால் அழுத்தம் விலகும், தட்டு தனித்துவிடும். பெடலை மெல்ல விட்டால் முதலில் வழுக்கி, பிறகு பற்றி, கடைசியில் எஞ்சினும் தட்டும் ஒரே வேகத்தில் சுழலும். அந்தச் சிறிது நேர வழுக்கலில்தான் காரின் நாகரிகம் இருக்கின்றது.

பட்டை தேய்ந்தால் பற்றும் வலிமை போய்விடும். எண்ணெய் பட்டாலும் அப்படித்தான். பெடலின் மேலே காலை ஓய்வாக வைத்துக்கொண்டு ஓட்டுவது இன்னொரு காரணம். எம்.ஜி.ஏ. காரில் பெடலின் அழுத்தத்தை உள்ளே கொண்டுசெல்வது குண்டுபதித்த பெயரிங் அன்று, கரியினாலான வளையம். கால் பட்டுக்கொண்டேயிருந்தால் பென்சில் தேய்வதுபோல அதுவும் தேய்ந்துவிடும். மலைப்பாதையில் ஓட்டுவோர் பலருக்கு இந்தக் காலோய்வுப் பழக்கம் உண்டு.

இந்தக் காரில் கிளச்சை மாற்றுவது சிறிய வேலையன்று. கியர்பொக்ஸை மட்டும் கீழால் இறக்கிவிடச் சட்டகத்தின் குறுக்கு இரும்பு இடங்கொடாது. எஞ்சினையே மேலே தூக்கியெடுக்கவேண்டும். இதைச் செய்தவர் எழுபத்தெட்டு வயதான ஒருவர். பதினைந்து வயதில் தோட்டத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். சிங்கள பாஸ் ஒருவரிடம் தொழில் கற்றவர். பாஸ் என்ற அச்சொல்லே ஒல்லாந்தரிடமிருந்து சிங்களத்துக்கு வந்தது. தலைவன் என்று பொருள். இன்று எல்கடுவையில் அவரையே எல்லோரும் பாஸ் என்கின்றார்கள். நான் அண்ணன் என்பேன். அவருக்கு உதவியாக என் பழைய மாணவன் ஒருவனும் நின்றான். உயர்தரப் பரீட்சையிற் சித்தியடையாமல் கொழும்பில் கடையொன்றுக்குப் போகவிருந்தவன். என் வகுப்பில் அவன் இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல எழுதியதில்லை.

முற்றத்தில் மூன்று மரங்களை முக்காலியாகக் கட்டி, சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டார்கள். இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள இரண்டு ஆறு வோல்ற் பற்றரிகளின் இணைப்பைக் கழற்றினார்கள். தண்ணீரும் எண்ணெயும் வடிந்தன. முகப்பு மூடி, ரேடியேற்றர், இரட்டைக் காபரேற்றர், ஸ்ரார்ற்றர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உள்ளே பலகைத் தளத்தைக் கழற்றினால் கியர்பொக்ஸின் மேற்பக்க போல்ட்டுகளுக்குக் கை எட்டும்.

இங்கே ஸ்பனர் பற்றி ஒரு சொல். இந்தக் காரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. இப்போது கடையில் எளிதிற் கிடைப்பவை மில்லிமீற்றர்க் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். பதின்மூன்று ஸ்பனரைப் போட்டால் பொருந்துவது போலத் தோன்றும். பலமாகத் திருப்பினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். அண்ணனிடம் அங்குல ஸ்பனர்கள் ஒரு சாக்குத் துண்டிற் சுற்றியிருந்தன. அவரிடம் வேறு சொத்து எதையும் நான் கண்டதில்லை.

கழற்றிய போல்ட்டுகளை அவர் டப்பாவிற் போடவில்லை. ஒரு சாக்கை விரித்து, காரில் அவை எந்த இடத்தில் இருந்தனவோ அதே அமைப்பில் அடுக்கினார். முன்பக்கத்தது முன்னே, வலப்பக்கத்தது வலப்பக்கம். எழுத்து அதிகம் அறியாதவர் அவர். அந்தச் சாக்குத்தான் அவருடைய ஏடு. மாணவன் ஒரு தடவை சாக்கை இழுத்து நகர்த்தப்போனபோது, "தம்பி, புத்தகத்த மிதிக்கக்கூடாதுன்னு சேர் சொல்லிக்கொடுக்கலியா?" என்று கேட்டார்.

எஞ்சினை மெல்ல முன்னே இழுத்து, கியர்பொக்ஸின் தண்டு விலகியதும் மேலே தூக்கினார்கள். கியர்பொக்ஸின் முன்கூட்டுக்குள் மாவுபோன்ற கருந்தூள் படிந்திருந்தது. அண்ணன் குனிந்து ஊதப்போனார். மாணவன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"தாத்தா, ஊதாதீங்க. இது பழைய பட்டை. கல்நார் இருக்கும்."

நேயர்களே, பழைய காலத்துக் கிளச்சுப் பட்டையிலும் பிரேக் பட்டையிலும் வெப்பத்தைத் தாங்குவதற்காகக் கல்நார் சேர்த்தார்கள். அதன் நுண்ணிய நார்கள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோய்கூட வரலாம், அதுவும் பல பத்தாண்டுகள் கழிந்தே தலைகாட்டும். காற்றால் ஊதுவதும் உலர்ந்த தூரிகையால் தட்டுவதும் கூடா. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையிற் கட்டி அப்புறப்படுத்தவேண்டும், முகமூடியும் வேண்டும்.

அண்ணன் சற்று நேரம் பேசாமல் நின்றார். "அறுபது வருசமா ஊதித்தானே துடைச்சோம். யாரும் சொல்லலியே" என்றார். பல காலமாக அவருக்கு இருமல் உண்டு. அது தேயிலைத் தூசினாலோ, பீடியினாலோ, இந்தக் கருந்தூளினாலோ வந்ததென்று எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. அன்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாணவனுக்குத் தெரியாது. மாணவனுக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது. ஈரத்துணியை வாங்கித் தானே துடைத்தார்.

பாரச்சக்கரத்தோடு கிளச்சைப் பிணைத்திருந்த போல்ட்டுகளை அவர் ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு மற்றதற்குப் போகவில்லை. ஒவ்வொன்றையும் அரைத் திருப்பு, எதிர்மூலையில் உள்ளதை அரைத் திருப்பு என்று சுற்றிவந்தார். உள்ளே சுருள்வில்கள் அழுத்தத்தோடு நிற்கின்றன. ஒருபக்கம் மட்டும் விட்டுக்கொடுத்தால் தட்டு கோணிவிடும். "ஒரு பக்கமா நியாயம் பேசக்கூடாது சேர்" என்றார்.

பழைய தட்டில் பட்டையைப் பிணைத்திருந்த தறையாணிகளின் தலைகள் வெளியே தெரிந்தன. இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் அவை பாரச்சக்கரத்தைக் கீறியிருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன அந்தத் தெருக்களில், கல்நார் இல்லாத புதிய பட்டை அடித்துவாங்கி வந்தோம். கரி வளையம் மட்டும் இங்கிலாந்திலிருந்து உறவினர் ஒருவர் கைப்பொதியாக வந்துசேர்ந்தது.

எண்ணெய்க் கசிவையும் பார்த்தார். இந்த எஞ்சினின் பின்புறத்தில் ரப்பர் அடைப்பு கிடையாது. தண்டிலே வெட்டிய திருகு வரி எண்ணெயை உட்பக்கம் திருப்பியனுப்பும். ஆகவே சிறிது கசிவது இயல்பு. அது கிளச்சில் தேங்காமல் வடிவதற்குக் கூட்டின் அடியில் ஒரு துளை. அந்தத் துளையில் ஒரு பிளவாணி தளர்வாகத் தொங்கும். எதையும் பிடிக்காத அந்த ஆணி எதற்கு? கார் குலுங்கும்போது அதுவும் ஆடும். ஆடுவதாற் சேறும் தூசும் துளையை அடைக்கா. நம் காரில் யாரோ அதை வீண் என்று பிடுங்கியிருக்கின்றார்கள். துளை அடைந்து, எண்ணெய் தேங்கி, பட்டை நனைந்திருந்தது. சும்மா தொங்குவது போலத் தெரிவதையெல்லாம் பிடுங்கிவிடக்கூடாது என்பதை ஆசிரியர்களாகிய நாங்களும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புதிய தட்டை வைக்கும்போது அது நட்டநடுவில் நிற்கவேண்டும். இல்லையேல் கியர்பொக்ஸின் தண்டு உள்ளே போகாது. நடுவில் நிறுத்துவதற்கென்றே ஒரு கருவி உண்டு. அண்ணன் தம் சாக்கிலிருந்து கையளவு இரும்புத் துண்டொன்றை எடுத்தார். உடைந்துபோன கியர்பொக்ஸ் ஒன்றின் தண்டை அறுத்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாதுகாத்து வைத்திருந்த துண்டு அது. தட்டின் பல்வரிகளில் அது வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது. ஒளவையார் பார்த்திருந்தால் சேமவச்சு என்றிருப்பார்.

எஞ்சினைத் திரும்ப இறக்கும் வேலை பிற்பகல் முழுவதையும் எடுத்தது. தண்டும் துளையும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். எஞ்சினின் பாரம் தட்டின் மேலே தொங்கக்கூடாது. இரண்டு விரலளவு இடைவெளி விழுந்து அப்படியே நின்றுவிட்டது. என் நண்பர் பொறுமையிழந்து, நீண்ட போல்ட்டுகளைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாமா என்று கேட்டார். "இழுத்தா வரும் ஐயா. தட்டு வளைஞ்சுதான் வரும். ஏறாததுக்கு ஒரு காரணம் இருக்கு, அத மொதல்ல கேப்போம்" என்றார் அண்ணன். கியரொன்றைப் போட்டு, பின்தண்டைக் கையாற் சிறிது திருப்பச் சொன்னார். பல்வரிகள் சந்தித்தன. எஞ்சின் ஒரு சிறு ஓசையோடு உள்ளே போய் அமர்ந்தது.

மறுநாள் பிரேக் ஒயில் ஊற்றிக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார்கள். அந்த எண்ணெய் வண்ணப்பூச்சிற் பட்டால் தோலுரித்துவிடும் என்பதால் காரின் மேலே ஈரச்சாக்கு விரித்தார்கள். மாலையில் கார் தோட்டத்து ஏற்றத்தில் முதலாம் கியரில் ஏறிற்று, இரண்டாம் கியருக்கு மாறியது, நாற்றமில்லை, உறுமலில்லை. மாணவன்தான் ஓட்டினான்.

நேயர்களே, இனி நான் வந்த காரியத்தைச் சொல்லவேண்டும். மேலே சொன்னவற்றிற் பெரும்பகுதியை நான் எழுதவில்லை. அந்த மாணவன் எழுதினான். எண்பது பக்கக் கொப்பியொன்றில், வேலை நடந்த நான்கு நாளும் ஒவ்வோர் இரவும் எழுதினான். எந்த போல்ட்டை எப்போது கழற்றுவது, சாக்கை எப்படி அடுக்குவது, எங்கே ஊதக்கூடாது, எங்கே அடிக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. கிளச்சைக் கிளச்சு என்றே எழுதியிருந்தான். தறையாணி, பல்வரி, கப்பி என்ற சொற்களும் இருந்தன. அண்ணன் சொல்லும் சிங்களச் சொற்களும் இருந்தன. படித்து முடித்தபோது எனக்கு ஒரு பிழைதிருத்தம்கூடச் செய்யத் தோன்றவில்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தபோது அவனுக்கு வாக்கியம் தானாக வந்திருக்கின்றது.

நம் மலையக இலக்கியம் உழைப்பைப் பாடாமலில்லை. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையில், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கைத்திறனே கதையின் உயிர். உழைப்பின் துயரைச் சொன்ன எழுத்துகள் நமக்கு நிறைய உண்டு, சொல்லியே ஆகவேண்டியிருந்தது. ஆனால் உழைப்பின் அறிவைச் சொன்ன எழுத்துகள் எத்தனை? தேயிலை ஆலையின் உலர்த்தியைச் செப்பனிட்டவர், கவ்வாத்து வெட்டியவர், பட்டறையில் அங்குல ஸ்பனர் பிடித்தவர் ஆகியோரின் அறிவு அவர்கள் கைகளோடு மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கின்றது. ஏழை என்று அவர்களைக் கண்டு இரங்கியிருக்கின்றோம். அறிஞர் என்று அவர்கள் முன்னே அமர்ந்து குறிப்பெடுத்தோமா?

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியில், அலுவிகாரை இருக்கின்றது. பல தலைமுறைகளாக வாய்மொழியாகவே காத்துவந்த பௌத்த திரிபிடகத்தை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், ஏட்டில் எழுதிய இடமென்று மரபு சொல்கின்றது. பஞ்சமும் போரும் வந்தன, மனனஞ்செய்த துறவிகள் மடிந்தால் சொல்லும் மடியுமென்று அஞ்சினார்கள், ஆகவே எழுதினார்கள். அந்த அச்சம் நமக்கும் இருக்கவேண்டும். இதே மாவட்டத்தில் அத்தகைய ஒரு முன்மாதிரி கண்முன்னே நிற்கின்றது.

அண்ணனுக்குக் கை நடுக்கம் கண்டுவிட்டது. இப்போது அவர் ஸ்பனர் பிடிப்பதில்லை. மாணவன் கொழும்புக் கடைக்குப் போகவில்லை. வீட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்டு, முச்சக்கர வண்டிகளும் பழைய லொறிகளும் செப்பனிடுகின்றான். 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிவிட்டது. ஆயினும் மலைப்பக்கத்தில் பழைய வாகனம் பழைய வாகனமாகவே ஓடுகின்றது. அவனுக்கு வேலை குறையவில்லை. இரும்புத் துண்டும் அங்குல ஸ்பனர்களும் இப்போது அவனிடம். கிழவர் காலையில் வந்து ஒரு பெட்டியின் மேலே அமர்ந்து, செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தேவைப்பட்டாற் பேசுவார். அவர் பேசினால் அவன் எழுதிக்கொள்வான். கொப்பி இப்போது மூன்றாகிவிட்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் பிள்ளைகளுக்குக் கட்டுரை கொடுக்கும்போது, மழைக்காலக் காட்சியையும் நான் ஒரு பறவையானாலையும் ஒரு முறை ஒதுக்கிவையுங்கள். உன் தந்தையோ பாட்டியோ நாள்தோறும் செய்யும் வேலையொன்றை, அதைக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு விளங்குமாறு எழுது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். கேட்கப்படுவதே அந்த முதியவர்களுக்கு ஒரு மரியாதை. எழுதிவருவதில் எழுத்துப்பிழை இருக்கலாம். அதைத் திருத்த நாங்கள் இருக்கின்றோம்.